வலை உலரும் கரை

"கழுத்துப் பக்கம் நீ பிடிச்சுக்க. இழுத்துடாத," என்றாள் மிட்சுயோ.

அண்ணன் இசாமு பிடித்துக்கொண்டான். சவப்பெட்டியின் கால்மாட்டில் அவன் நின்றான், தலைமாட்டில் அவள். நடுவே வெள்ளை உடையில் அப்பா கிடந்தார். நூற்றைம்பது வருடத்துப் பட்டுக் கிமோனோ இருவர் கைகளிலும் ஈரத்துணி மாதிரி கனத்தது.

"கீழ் விளிம்பு முகத்துக்கு வரணும். கழுத்து காலுக்கு," என்று ஓரமாக நின்ற நெகிஷி சொன்னார். ஈமக் காரியம் எடுத்து நடத்துபவர். அவர் சொல்லாவிட்டாலும் இருவருக்கும் தெரியும். உயிரோடிருப்பவர்களுக்குச் செய்வதையெல்லாம் இறந்தவருக்குத் தலைகீழாகச் செய்ய வேண்டும். பத்து வருடத்துக்கு முன் அம்மாவுக்கும் இப்படித்தான் போர்த்தினார்கள். அம்மாவுக்குக் கிடைத்தது அவள் கடைக்குப் போகும்போது கட்டிக்கொள்ளும் சாம்பல் நிறக் கிமோனோ.

"கால் பக்கமே மடிச்சு வச்சிடலாமே. எதுக்கு மூஞ்சி வரைக்கும்?" என்றான் இசாமு.

"முறை அதுதானே அண்ணே."

"முறை கெடக்கு."

மிட்சுயோ விளிம்பை அப்பாவின் முகவாய்க்குக் கீழே கொண்டுவந்து நிரவினாள். கருநீலப் பட்டு. மேல் பாதி முழுக்க வெறுமை. வேலைப்பாடெல்லாம் கீழேதான். கம்புகளில் காயப்போட்ட மீன்வலைகள். அரிசிப் பசையால் கோடிழுத்து, சாயத்தில் தோய்த்துக் கழுவி எடுத்த கண்ணிகள், ஒவ்வொன்றும் தலைமயிரைவிட மெல்லிசு. வலைகளுக்கு மேலே நூலால் தைத்த, கட்டைவிரல் நகத்தளவில் இருபத்திரண்டு கடற்பறவைகள். உடுத்தி நடந்தால் அந்தக் கடற்கரை காலடியில் கிடக்கும். இப்போது தலைமாட்டில் வந்து நிற்கிறவர்கள் கண்ணுக்கு நேராகக் கிடந்தது.

இசாமு கூடையிலிருந்து வெள்ளைச் செவ்வந்திகளை இரண்டு கையாலும் அள்ளி விளிம்பின் மேல் பரப்பினான். நெகிஷி அவற்றைப் பொறுக்கிக் கூடையில் திரும்பப் போட்டார். பூ வைப்பது கடைசியில், எல்லோரும் சேர்ந்து. இசாமு வாசலுக்குப் போய் சிகரெட் பற்றவைத்தான். நேற்று மாலை தகாசாகியிலிருந்து வந்ததிலிருந்தே அவன் இப்படித்தான் இருக்கிறான். அப்பாவைப் பார்த்தபோது கலங்காதவன், மாடியிலிருந்து வலையை எடுத்து வந்ததும் முகம் மாறிவிட்டான்.

வலை என்றுதான் வீட்டில் அந்தக் கிமோனோவுக்குப் பெயர். இரண்டு வாரத்துக்கு முன் மருத்துவமனையில், மூக்கில் குழாயோடு, அப்பா அதைத்தான் கேட்டார்.

"வலைய என் மேல போட்டு எரிச்சுடு. ஒருத்தருக்கும் குடுக்காத. மியூசியத்துக்காரன் வந்து கேட்டாலும் குடுக்காத."

மிட்சுயோ தலையாட்டினாள். அவர் அவள் கையைப் பிடித்து, வாயால் சொல் என்றார். சொன்னாள்.

மற்ற எண்பத்திரண்டு கிமோனோக்களும் நகர அருங்காட்சியகத்துக்குப் போகின்றன. வசந்த காலத்தில் அங்கே ஓர் அறை திறக்கிறார்கள். குவாபாரா தோகுஜி சேகரிப்பு என்று அப்பா பெயரில் பலகைகூடத் தயாராகிவிட்டது. கரி மூட்டை சுமந்து, லாரி ஓட்டி, பிறகு வீடு காலி செய்கிறவர்களின் தட்டுமுட்டுச் சாமான்களை அள்ளிப் பிழைத்த ஒருவர் பெயரில் ஓர் அறை. கார் இருக்கைக்கு உறை தைக்கும் ஆலையில் இருபது வருடமாகத் தையல் எந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கும் மிட்சுயோ, ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போய் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு வந்தாள். ஆலையில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் சொன்னாள்.

அந்தக் காலத்தில் ஜனங்கள் பழைய கிமோனோவைக் கந்தலோடு கந்தலாகக் கட்டி லாரியில் எறிவார்கள். அப்பா மூட்டைகளைப் பிரித்துப் பார்ப்பார். பெரும்பாலும் கந்தல்தான். எப்போதாவது ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார். கூரை ஒழுகும் வீட்டில் ஒழுகாத ஒரே இடம் மாடியறை. அது கிமோனோக்களுக்கு. மனிதர்கள் நாலு பேரும் அடுப்படிக்குப் பக்கத்தில் படுத்தார்கள். சாயங்காலம் குளித்துவிட்டு வந்து ஒன்றை எடுத்து, அதன் கைகளை விரித்து மூங்கில் கழியில் மாட்டி, சுவரோரம் நிறுத்தி, எதிரே மண்டியிட்டு உட்கார்ந்து குடிப்பார். அம்மா ஒரு முறை ஒன்றைத் தோளில் போட்டுப் பார்த்ததற்கு மூன்று நாள் அவளோடு பேசவில்லை. உடுத்திக்கொள்ள ஆயிரம் பேர் இருக்கிறார்கள், பார்க்கத்தான் ஆளில்லை என்பார்.

வலையை மட்டும் எல்லோருக்கும் காட்ட மாட்டார். கண்காட்சிக்கு அனுப்பியதில்லை. பத்திரிகைக்காரர்களைப் படம் எடுக்க விட்டதில்லை. தோக்கியோவிலிருந்தும் ஓசாகாவிலிருந்தும் விவரம் தெரிந்தவர்கள் தேடி வந்தால் கடைசியில் அதைக் கொண்டுவருவார். எந்த இடத்தில் விரலை வைப்பார், என்ன சொல்வார் என்பது மிட்சுயோவுக்கு மனப்பாடம்.

"இருபத்தொண்ணும் இடப்பக்கம் பறக்குது. இது ஒண்ணு மட்டும் வலப்பக்கம் பறக்குது பாருங்க. வரைஞ்சவன் பேரு யாருக்கும் தெரியாது. ஆனா இந்த ஒத்தக் குருவியில கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டான். எல்லாம் ஒரே பக்கம் போனா அது துணி. ஒண்ணு திரும்பினாத்தான் அது படம்."

படித்தவர்கள் அதைக் கேட்டுவிட்டுப் பேச்சில்லாமல் உட்கார்ந்திருப்பதை அவள் தேநீர்த் தட்டோடு நின்று பார்த்திருக்கிறாள். அப்பா பள்ளிக்கூடம் போனது நாலு வருடம்.

ஒன்பதரைக்குப் புத்த மடத்துச் சாமியார் வந்தார். பதினொன்றுக்கு வண்டி கிளம்ப வேண்டும். பதினொன்றரைக்குத் தகனக்கூடத்தில் உலை ஒதுக்கியிருக்கிறார்கள், தவறினால் நாளைக்குத்தான் என்று நெகிஷி இரண்டு முறை சொல்லிவிட்டார். இரண்டு அறைகளின் தடுப்புக் கதவுகளைக் கழற்றி ஒன்றாக்கிய கூடத்தில் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அருங்காட்சியகத்துக்காரர் கறுப்பு டையோடு மூன்றாவது வரிசையில் இருந்தார். அப்பாவோடு லாரி ஓட்டிய கிழவர் சென்ஸோ பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, பக்கத்திலிருந்தவரிடம் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"பொண்டாட்டிக்கு ஒரு முழம் குடுக்காதவன் போறப்ப எப்படிப் போறான் பாரு. எமன் இவனக் கூட்டிட்டுப் போவானா, துணிய விலை கேப்பானா?"

நாலைந்து பேர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள்.

சூத்திரம் தொடங்கும் நேரத்தில் ஒரு பெண்மணி வந்தாள். எழுபதை நெருங்கும் வயது, கறுப்பு உடை, கையில் கத்தரிப்பூ நிறத் துணியில் கட்டிய சிறு பொட்டலம். இரண்டு பேருந்து மாறி வந்ததாகச் சொல்லி, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டாள். பெயர் ஹோரிகோமே சுகினோ என்றாள்.

மிட்சுயோவுக்குப் பெயர் தெரியும், முகம்தான் தெரியாது. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அப்பா ஒரு பெட்டி பேரிக்காய் அனுப்புவார். முகவரிச் சீட்டு எழுதுவது மிட்சுயோவின் வேலை. யார் இவர்கள் என்று கேட்டால், "அணைக்காரங்க. பாவம்," என்பார். மேல் பள்ளத்தாக்கில் அணை கட்டியபோது ஊரோடு தண்ணீருக்குள் போன வீடுகளில் ஒன்று அவர்களுடையது. அந்த வீட்டைக் காலி செய்து சாமான் ஏற்றியது அப்பா.

"முப்பத்திரண்டு வருஷம், ஒரு வருஷம் தவறல," என்றாள் சுகினோ. "சாமான் ஏத்த வந்தவர் யாரும்மா இப்படி நெனவு வச்சுக்குவாங்க? எங்கம்மா சாகறவரைக்கும் சொல்லிட்டே இருந்தாங்க. அதான் ஒரு பூவாவது வச்சிட்டுப் போலாம்னு."

மிட்சுயோ நன்றி சொல்லிக் குனிந்து நிமிர்ந்தபோது, சுகினோவுக்குப் பின்னால் இசாமு நிற்பது தெரிந்தது. அவன் சுகினோவின் முகத்தைப் பார்க்கவில்லை. வெளியே குளிர், உள்ளே அடுப்படியில் கணப்பு இருக்கிறது, அங்கே உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம் என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். சூத்திரம் ஓதும்போது தேநீரா என்று சுகினோ சிரித்துவிட்டு, கூடத்தின் கடைசி வரிசையில் போய் மண்டியிட்டாள்.

இசாமு நெகிஷியிடம் குனிந்து ஏதோ கேட்டான். நெகிஷி தலையசைத்து மறுத்தார். பூ வைக்காமல் மூடியைப் போட முடியாது.

சாமியார் ஓதிக்கொண்டே இருந்தார். மிட்சுயோ அண்ணனின் முழங்கால்களைப் பார்த்தாள். அவை ஒரு நிலையில் இல்லை.

பத்தரை தாண்டிச் சூத்திரம் முடிந்தது. எல்லோரும் எழுந்து கூடையிலிருந்து ஆளுக்கொரு செவ்வந்தி எடுத்துக்கொண்டு பெட்டியைச் சுற்றி வந்தார்கள். சென்ஸோ பூவோடு ஒரு சிகரெட்டையும் வைத்தார். இசாமு தலைமாட்டை விட்டு நகரவில்லை. வருகிறவர்களிடம் பூ வாங்கித் தானே முகத்தைச் சுற்றி, விளிம்பின் மேல், குவித்துக்கொண்டிருந்தான். சுகினோ வந்தபோதும் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

"நானே வைக்கறேன் தம்பி. அதுக்குத்தான வந்தேன்."

குனிந்தாள். அப்பாவின் காதருகே பூவை வைத்தாள். கையை எடுக்கும்போது அவள் மணிக்கட்டு இடித்து நாலைந்து பூக்கள் சரிந்து விளிம்பு தெரிந்தது. அவள் அப்படியே நின்றாள்.

மிட்சுயோ அதைப் பார்த்தாள். பின்னால் வரிசை தேங்கியது. யாரோ இருமினார்கள். சுகினோவின் ஒரு விரல் பட்டை நோக்கிப் போய், அரை அங்குலம் முன்னால் நின்றது. பிறகு நிமிர்ந்தாள். மிட்சுயோவிடம் வந்து, கொஞ்சம் உள்ளே வர முடியுமா என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

அடுப்படியில் யாருமில்லை. சுகினோ தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மேல போட்டிருக்கீங்களே, அது எங்க வாங்கினாரு?"

"தெரியலம்மா. நான் சின்னப் புள்ளயில இருந்தே இருக்கு. அவருக்கு உயிர் அது."

"ஒரு பறவை மட்டும் எதிர்ப்பக்கம் பறக்குதே."

மிட்சுயோவுக்குப் பழகிய வார்த்தைகள் தானாக வாயில் வந்தன. வரைந்தவனின் கையெழுத்து என்று சொல்லப்போனாள். சுகினோ முந்திக்கொண்டாள்.

"அது ஓட்டைம்மா. எனக்கு ஏழு வயசு. கணப்புச் சட்டிய ஊதினேன், நெருப்பு பறந்து போய் விழுந்துச்சு. எங்கம்மா ஓட்டைய அடைக்க மேல ஒரு பறவை தைச்சாங்க. பக்கத்துப் பறவை மேல காகிதத்த வச்சு அச்செடுத்தாங்க, அவசரத்துல காகிதத்தத் திருப்பி வச்சுத் தைச்சுட்டாங்க. தைச்சு முடிச்சப்புறந்தான் பாத்தோம். ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம்." அவள் சிரிக்கவில்லை. "உள்பக்கம் தாங்கலுக்கு என்னோட பழைய சட்டைத்துணி வச்சிருக்கு. ரோஸ் கலர் பருத்தி."

"ஒரே மாதிரி ரெண்டு இருக்கக் கூடாதாம்மா?"

"இருக்கலாம். ஓட்டை ரெண்டு இருக்காது."

அவள் குரல் உயரவே இல்லை. கடற்கரையிலிருந்து அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த கொள்ளுப்பாட்டி கொண்டுவந்தது அது என்றாள். ஊரை விட்டு வரும்போது கந்தல் பெட்டியில் போடவில்லை, கையோடு கொண்டுபோகிற சாமான்களோடு தனி இழுப்பறையில் வைத்தது. புது வீட்டில் திறந்து பார்த்தால் இல்லை. தோகுஜியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் வந்து, மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்து, அப்படி ஒன்றைத் தாம் கண்ணால் பார்க்கவில்லை என்றார். நம்பினார்கள்.

"அன்னிக்கு மூட்டை கட்ட ஒத்தாசைக்கு வந்தது எங்க அத்தை. எங்கம்மா நாத்தனார் மேல பழியப் போட்டுட்டாங்க. நாப்பது வருஷப் பழக்கம், அன்னியோட முடிஞ்சுது. எங்கம்மா செத்ததுக்கு அத்தை வாசல் வரைக்கும் வந்துட்டு உள்ள வராமத் திரும்பிட்டாங்க. இப்பத் தொண்ணூத்தொண்ணு. ஓதாங்கிற ஊர்ல முதியோர் இல்லத்துல இருக்காங்க. பேரு மறந்துபோச்சு, ஊரு மறந்துபோச்சு. என்னப் பாத்தா ஒண்ணே ஒண்ணு கேப்பாங்க. 'கெடச்சுதா?'"

கூடத்திலிருந்து நெகிஷியின் குரல் கேட்டது. மூடி கொண்டுவரச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மிட்சுயோ ஓடவில்லை. ஆனால் நடந்த வேகத்தில் உறவுக்காரர்கள் விலகி நின்றார்கள். தலைமாட்டில் குனிந்து, பூக்களைச் சரி செய்கிற மாதிரி விளிம்புக்கு அடியில் கையை விட்டாள். எதிர்த்துப் பறக்கும் பறவைக்கு நேர்க் கீழே, உள்துணியின் மேல் விரல்கள் போயின. பட்டுதான். பருத்தி இல்லை. ஒரு கணம் மூச்சு இறங்கிற்று.

பிறகு விரலில் தையல் தட்டியது. பட்டின் மேல் சதுரமாக இன்னொரு பட்டு. அதற்கடியில் பருத்தி மாதிரி தடித்த ஏதோ ஒன்று. சதுரத்தின் நாலு பக்கமும் தையல்கள் ஒன்றின் மேல் ஒன்று குறுக்காகப் போய், இரண்டுக்கு ஒரு முறை முடிச்சு விழுந்திருந்தது. பட்டுத் தைக்கிற எவளும் இப்படித் தைக்க மாட்டாள். அது லாரித் தார்ப்பாய் கிழிந்தால் போடுகிற தையல். சிறுமியாக இருக்கும்போது அப்பாவின் எதிரில் உட்கார்ந்து தார்ப்பாயின் மறுமுனையை இழுத்துப் பிடித்தவள் அவள். முதன்முதலில் அவர் அவளுக்குத் தைக்கக் கற்றுக்கொடுத்ததே அந்தத் தையல்தான்.

கையை வெளியே எடுத்தாள். அப்பாவின் முகம் அரை அடியில் இருந்தது. நெகிஷியின் ஆட்கள் அவர் கன்னத்தில் லேசாகச் சிவப்புப் பூசியிருந்தார்கள்.

இசாமு அவள் முழங்கையைப் பிடித்துத் தாழ்வாரத்துக்கு இழுத்துப் போனான்.

"கெழவி என்ன சொன்னா?"

"உனக்கு முன்னாடியே தெரியும்."

அவன் அவள் முழங்கையை விட்டான்.

"தெரியுமா இல்லையா அண்ணே?"

"நான்தான்டி தூக்கிட்டு வந்தேன்." பற்களுக்கிடையில் சொன்னான். "பதினாறு வயசு எனக்கு. இத வண்டி சீட்டுக்கடியில வையின்னாரு. வச்சேன். வழியெல்லாம் அது மேல உக்காந்துட்டு வந்தேன். ராத்திரி விரிச்சு வச்சு அழுதாரு. திருடனுக்கு அழுகைய பாரு. அதுக்கப்புறம் இந்த வீட்டுல எனக்குச் சோறு எறங்கல. எதுக்கு ஊரை விட்டுப் போனேன்னு நெனச்ச?"

"என்னாண்ட ஏன் சொல்லல?"

"நீ குருவிக் கதை சொல்லிட்டுத் திரிஞ்ச. உங்கிட்டப் போய் எப்படிச் சொல்றது?" கூடத்தின் பக்கம் பார்த்தான். "அங்க மியூசியத்துக்காரன் உக்காந்திருக்கான். இது வெளிய வந்தா ஒண்ணோட நிக்காது மிட்சு. மிச்ச எண்பத்திரண்டையும் எங்கேயிருந்து எடுத்தான்னு கேப்பான். பலகையக் கழட்டுவான். இன்னும் கால் மணி நேரம். எரிஞ்சு போகட்டும். அப்பா கேட்டதும் அதான, நீ வாக்குக் குடுத்ததும் அதான?"

அப்போதுதான் மிட்சுயோவுக்கு அந்தக் கை நினைவு வந்தது. மருத்துவமனைக் கட்டிலில், வாயால் சொல் என்று அவள் மணிக்கட்டை நெரித்த கை. பிரிய மனமில்லாமல் கேட்கிறார் என்று நினைத்து அன்று பேருந்தில் வீடு வரை அழுதுகொண்டே வந்தாள். பிரிய மனமில்லாததும் உண்மையாகத்தான் இருக்கும்.

"அந்த அத்தை உயிரோட இருக்காங்களாம்," என்றாள்.

"யாரு அத்தை?"

அவள் சொல்லிக்கொண்டு நிற்கவில்லை.

கூடத்தில் இரண்டு ஆட்கள் மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். சுகினோ பழையபடி கடைசி வரிசையில் மண்டியிட்டிருந்தாள், கைகள் மடியில். மிட்சுயோ அவளிடம் போய்க் காதருகில் கேட்டாள்.

"எடுத்துடறேன். ஆனா செத்தவர் மேல போட்டது. நீங்க..."

"எங்கம்மா துணி," என்றாள் சுகினோ. "எனக்கு என்ன தீட்டு?"

மிட்சுயோ பெட்டியருகே போனாள். மன்னிக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, பூக்களை ஒதுக்கி, விளிம்பை இரு கையாலும் பற்றித் தூக்கினாள். பட்டு மார்பு வரை உயர்ந்து நின்றுவிட்டது. கால்மாட்டில் இசாமு கழுத்துப் பக்கத்தைப் பிடித்திருந்தான்.

முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

"விடு," என்றாள் உதட்டை அசைக்காமல்.

அவன் தலையாட்டினான். அவள் இழுத்தாள். அவனும் இழுத்தான். நாற்பத்தெட்டு வயது ஆணும் நாற்பத்து நாலு வயதுப் பெண்ணும் அப்பாவுக்கு மேலே ஆளுக்கொரு பக்கம் நின்று, முகத்தில் எதையும் காட்டாமல், பலம் முழுவதையும் போட்டு இழுத்தார்கள். பட்டு விறைத்தது. வலைகளும் கம்புகளும் நேர்க்கோடாகின. பூக்கள் இரண்டு பக்கமும் உருண்டு விழுந்தன. எங்கோ கிமோனோவின் தோள் மூட்டில் ஒரு பழைய நூல் டப்பென்று விட்டது.

சின்ன சத்தம்தான். இருவரும் ஒரே நொடியில் கையை விட்டார்கள்.

அந்த வீட்டில் நடக்கப் பழகும்போதே கற்றுக்கொண்டது அது. பட்டு எங்கேயாவது மாட்டிக்கொண்டால், உன் கை ஒடிந்தாலும் சரி, உடனே விட்டுவிட வேண்டும். விடாததற்கு இருவருமே அறை வாங்கியிருக்கிறார்கள். கிமோனோ காற்றில் உப்பி அப்பாவின் மேல் இறங்கி, முகத்தை மூடிக்கொண்டது.

யாரும் அதை எடுக்கவில்லை. இசாமு தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூடியைத் தூக்கி நின்ற ஆட்களில் ஒருவன் பாரத்தை மறு தோளுக்கு மாற்றினான்.

சுகினோ எழுந்து வந்தாள். முழங்கால் வலியால் கொஞ்சம் சாய்ந்து நடந்தாள். அப்பாவின் முகத்திலிருந்து விளிம்பைத் தூக்கி, மேலிருந்த பூக்களை ஒவ்வொன்றாக எடுத்து அவர் மார்பில் வைத்தாள். பிறகு பட்டை முழுவதுமாக அள்ளிக் கையில் ஏந்திக்கொண்டாள். பெட்டிக்குப் பக்கத்தில், பாய்த்தரையில் எல்லோருக்கும் முன்னால் மண்டியிட்டு, அதை விரித்தாள். மடிக்கத் தொடங்கினாள். ஓரங்களைச் சேர்த்து, கிமோனோவின் கைகளைப் பின்னால் திருப்பி, உள்ளங்கையால் ஒரு முறை நீவி. எந்த இடத்தில் மடிப்பு விழும் என்று அவள் பார்க்கவே இல்லை. மடிப்புகள் பழைய தடத்தில் தானாகப் போய் விழுந்தன.

உறவுக்காரப் பெண்ணொருத்தி, இதென்ன அநியாயம் என்று தொடங்கி, பக்கத்தில் யாரும் சேர்ந்துகொள்ளாததால் நிறுத்திவிட்டாள். அருங்காட்சியகத்துக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் பார்த்தது நேரத்தை அல்ல. பிறகு சுகினோவின் கைகளைப் பார்த்தார், அதன் பிறகு மாடிப்படியை.

நெகிஷி மிட்சுயோவிடம் வந்து, மேலே போர்த்த வேறு ஏதாவது கொண்டுவரப் போகிறார்களா என்று மெதுவாகக் கேட்டார். இரண்டு நிமிடம் தரலாம் என்றார்.

மாடியில் எண்பத்திரண்டு இருந்தன. மிட்சுயோ மனதில் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். ஆற்றோரப் புல், பனி பூசிய மூங்கில், தேர்ச் சக்கரம். எதை எடுத்தாலும் அது அப்பாவுடையதுதான் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"வேண்டாம்," என்றாள்.

"சரி, மூடுங்கப்பா," என்றார் சென்ஸோ. அவர் குரலில் கிண்டல் இல்லை. "குளிருது அவனுக்கு."

மூடியைப் போட்டார்கள். வழக்கப்படி மூடியின் ஆணியில் ஆளுக்கு இரண்டு தட்டு, ஆற்றுக் கல்லால். மிட்சுயோ தட்டினாள். இசாமு கல்லை வாங்கி, ஓங்கி, ஆணியில் படாமல் மரத்தில் அடித்தான். இரண்டாவதும் மரத்தில். நெகிஷி கல்லைத் தன் கையில் வாங்கி மிச்சத்தை முடித்தார். ஆறு பேர் பெட்டியைத் தூக்கி வாசல் வழியாகக் கொண்டுபோனார்கள். பனி உறைந்த மண் செருப்புகளுக்கடியில் நொறுங்கியது.

மிட்சுயோ நீத்தார் பெயர் எழுதிய பலகையை மடியில் வைத்துக்கொண்டு சவ ஊர்தியின் முன் இருக்கையில் உட்கார்ந்தாள். பின்னால் வரும் காரில் அப்பாவின் படத்தோடு இசாமு ஏறினான். மணி பதினொன்று தாண்டி நாலு நிமிடம். ஓட்டுநர் வழக்கம்போல நீளமாக ஹாரன் அடித்தார். வாசலில் வரிசையாக நின்றவர்கள் எல்லோரும் கைகூப்பித் தலை குனிந்தார்கள். சென்ஸோ தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கூப்பினார். அருங்காட்சியகத்துக்காரர் கூப்பினார்.

வண்டி தெரு முனையில் திரும்பும் வரை மிட்சுயோ பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வரிசையின் கடைசியில் சுகினோ நின்றாள். கிமோனோவைக் கத்தரிப்பூ நிறத் துணியில் கட்டிய மூட்டை அவள் இரண்டு கைகளிலும் இருந்தது. அதைக் கீழே வைக்கவும் இல்லை, பக்கத்திலிருந்தவரிடம் கொடுக்கவும் இல்லை.